காந்தல் வீட்டில் பனிக்காலம்

நவம்பர் 18

காலையில் புல்லெல்லாம் நீர்ப்பனி. உறைபனி இன்னும் இறங்கவில்லை. காதோரம் குத்துகிற குளிரைப் பார்த்தால் இந்த வாரமே இறங்கிவிடும். ஊட்டியில் மேட்டுப் பகுதிக்காரர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. காந்தல் பள்ளத்தில் கிடக்கிறது. குளிர் முதலில் இங்கேதான் வந்து தேங்கும்.

டேலியாவை இன்று எடுத்தேன். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, மண் கிளறும் முள்கரண்டியைத் தள்ளிக் குத்தி, கிழங்கு முறியாமல் நெம்பினால் கொத்தாக வந்துவிடும். மண்ணை உதறிக் கொட்டகையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் முறிந்தது. மஞ்சள் பூ பூக்கிறது அது.

பேன்சி நாற்றையும் பெட்டூனியா நாற்றையும் மூடுவதற்கு மிலார்க் கட்டு சொல்லியிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் புதராக வளரும் செடி. வெட்டி வந்து பாத்தியின் மேல் கவிழ்த்தால் பனி இலையில் படாது. கட்டு கொண்டுவருகிற ஆளுக்கு இந்த வருடம் கால் சரியில்லையாம், தாமதமாகும் என்றான்.

மருமகள் வசுமதி டியூட்டி முடிந்து வந்ததும் இதைச் சொன்னேன். அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறாள். நின்றுகொண்டே நாள் முழுதும் மாத்திரை கொடுக்கிற வேலை. ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"சாக்கு போட்டு மூடினா ஆகாதா மாமா? எனக்குத் தெரிஞ்ச பேக்கரில மைதா சாக்கு நிறைய கிடக்கும். கேக்கறேன்."

ஆகும் என்றேன்.

நவம்பர் 21

சாக்கு வந்துவிட்டது. எல்லாம் துவைத்து, காயவைத்து, நான்காக மடித்து, சணல் கட்டி இருந்தது. பேக்கரிக்காரர் எவராவது காலிச் சாக்கைத் துவைத்துக் கொடுப்பாரா? நல்ல மனிதர் போலிருக்கிறது.

கூடவே ஒரு பொட்டலம் மொறுமொறு வர்க்கி. இன்னும் சூடாக இருந்தது.

மூங்கில் குச்சிகளை வளைத்து நட்டு, மேலே சாக்கைப் போட்டு, ஓரத்துக்குக் கல் வைத்தேன். சாக்கு இலையைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் கருகும். மாலை மூடி, வெயில் ஏறியதும் திறக்க வேண்டும். மறந்துபோய் மூடியே விட்டால் நாற்று வெளுத்துவிடும்.

நவம்பர் 27

முதல் உறைபனி. கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க உப்பு தூவினது மாதிரி. குழாயில் தண்ணீர் வரவில்லை. நேற்றே டிரம்மில் பிடித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, மேலே படிந்த பாளத்தைத் தட்டி உடைத்தேன்.

முட்டைக்கோஸுக்கும் பட்டாணிக்கும் சாக்கு போதவில்லை. மூடாத செடிக்கு வழி ஒன்றுதான். சூரியன் படுமுன் தண்ணீர் தெளித்து இலையில் உள்ள பனியைக் கழுவிவிட வேண்டும். பனி இருக்கும்போதே வெயில் பட்டால் போச்சு. நான் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது வசுமதி ஏற்கெனவே பட்டாணி வரிசையில் நின்றிருந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, காதுக்குத் துண்டு. ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் போன். யாருக்கோ பனியைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பதில் வந்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

என் மகன் பிரேம் இருந்தபோது இந்த மாதிரிச் சிரிப்பாள். மூன்று வருடமாகக் கேட்கவில்லை.

பட்டாணி பிழைத்தது.

டிசம்பர் 3

ரோஜாவுக்குச் சாம்பல் வேண்டும். கவாத்துக்கு முன்னால் தூரில் வைத்துக் கிளறினால் தண்டு திடமாகும். இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது? அந்த பேக்கரியில் விறகு அடுப்புதான் என்று வசுமதி ஒருமுறை சொன்ன நினைவு. நானே போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், இறக்கத்தில் இருக்கிறது.

கடையில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்பு. காந்தலிலிருந்து வருகிறேன், சாம்பல் கிடைக்குமா என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார், உள்ள வாங்க. உக்காருங்க. சாம்பல்தானே, எவ்வளவு வேணாலும் எடுத்துக்கலாம். நானே சலிச்சுத் தர்றேன், ஆணி கீணி கிடக்கும்."

சலித்தார். மூட்டை கட்டினார். கட்டின மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். நடுவில் ஒரு டீ வந்தது. சர்க்கரை இல்லாத டீ. எனக்குச் சர்க்கரை வியாதி என்று நான் சொல்லவில்லை.

"கைல என்ன, அடுப்புச் சூடா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். போன வருஷம் தட்டு சரிஞ்சு விழுந்துருச்சு. பெரியாஸ்பத்திரில ரொம்ப நாள் மருந்து வாங்கினேன். மேடம்தான் களிம்பு எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க."

எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெயர் சிவநேசனாம். கோவில்பட்டிப் பக்கம். சின்ன வயதில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அம்மா இருந்தவரை பார்த்துக்கொண்டாராம். போன ஆடியில் தவறிவிட்டார்களாம். கல்யாணம் ஆகவில்லை. இவ்வளவையும் நான் கேட்காமலே சொன்னார்.

மூட்டையை ஆட்டோ வரை தூக்கிவந்து வைத்தார்.

டிசம்பர் 4

ரோஜாவுக்குச் சாம்பல் வைத்தேன். நல்ல சன்னமான சாம்பல்.

டிசம்பர் 10

ஜெரேனியம் பதியன் இன்று. விரல் நீளத் துண்டு, கணுவுக்குக் கீழே வெட்டு, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் செருகல். மேலே பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்தேன். பகலில் மூடியைக் கழற்றி வைத்தால் போதும், காற்று போகும்.

ஞாயிறு என்பதால் வசுமதி கூட இருந்தாள். பாட்டில் அறுக்கிற வேலை அவளுடையது. நடுவில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"பட்டாணிக்குக் குச்சி வெட்டணும்மா," என்றேன். "கொடி தரையில படுத்துடுச்சுன்னா காய் அழுகிடும். அந்தப் பேரிக்காய் மரத்துல குறுக்கால போற வாதெல்லாம் கழிச்சா குச்சிக்குக் குச்சியும் ஆச்சு, மரத்துக்குக் கவாத்தும் ஆச்சு."

"சரி மாமா."

"இப்பவே வெட்டிடுவோம். வெயில் இருக்கு."

வெட்டினோம். தேவைக்கு மேலேயே வெட்டிவிட்டோம்.

டிசம்பர் 14

மகள் கலைவாணி திருப்பூரிலிருந்து பேசினாள். பேரன் பேத்தி சளி காய்ச்சல் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். அவளுடைய பழைய சினேகிதி மார்க்கெட்டில் வசுமதியைப் பார்த்தாளாம். ஒரு ஆளோடு நின்று பேசிக்கொண்டிருந்தாளாம்.

"ஆஸ்பத்திரில வேலை பாக்கறவ. ஊர்ல பாதிப் பேருக்கு அவளத் தெரியும்," என்றேன்.

"அப்பா, நான் தப்பா சொல்லல. அவளுக்கும் வயசு முப்பத்தி நாலுதான் ஆகுது. நாளைக்கே ஏதாவது முடிவு பண்ணிட்டான்னா உங்களை யார் பாத்துப்பா? முழங்கால வச்சுட்டு அந்தத் தோட்டத்துல ஒத்தையா என்ன பண்ணுவீங்க?"

மின்வாரியத்தில் இருந்தவரை கம்பம் கம்பமாக ஏறின முழங்கால் இது, இன்னும் கொஞ்சம் ஓடும் என்றேன். சிரிக்கவில்லை அவள்.

கேரட் விதைத்தேன். கோட்டில் விதைத்து மண்ணை மெல்லத் தட்ட வேண்டும். ஆழமாகப் போட்டால் முளைக்காது.

டிசம்பர் 22

ரோஜாக் கவாத்து. இப்போது வெட்டினால்தான் மே மாதப் பூவுக்குச் சரியாக இருக்கும். காய்ந்ததை எடுத்து, உள்நோக்கிப் போனதை எடுத்து, மிச்சத்தை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டு.

வசுமதி வெட்டினதைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தாள். மறுபடி ஆரம்பித்தாள்.

"மாமா, அந்த பேக்கரி சிவநேசன் இல்ல..."

"நல்ல மனுஷன். சாம்பல்கூடச் சலிச்சுக் குடுத்தாரு. நீ அந்த முள்ளுக்குக் கையுறை போட்டுக்கோ, கிழிச்சிடும்."

கையுறை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. மிச்சத்தை நானே பொறுக்கினேன்.

ஜனவரி 1

வசுமதி புது டைரி கொண்டுவந்தாள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்ததாம். பச்சை அட்டை. உறைபனி கடுமை. முள்ளங்கி பிடுங்கினேன்.

பத்து நாளாக வர்க்கிப் பொட்டலம் வரவில்லை.

ஜனவரி 5

வசுமதி நான்கைந்து நாளாக டியூட்டி முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறாள். போன் அலமாரி மேலேயே கிடக்கிறது. ராத்திரிச் சமையல் பலமாக இருக்கிறது. நேற்று கீரைக் கடைசல், இன்று மொச்சைக் குழம்பு. சாப்பிட்டபின் வரும் பருவத்துக்கு எங்கே எதை விதைப்பது என்று ரொம்ப நேரம் பேசினோம். நூல்கோலை மேல் பாத்திக்கு மாற்றலாம் என்பது அவள் யோசனை. சரியான யோசனை.

இந்த வாரம் நன்றாகத் தூங்குகிறேன். காரணம் தெரியவில்லை. ஒருவேளை புது மாத்திரை.

ஜனவரி 9

பிரேமின் நினைவு நாள். கல்லட்டி இறக்கத்தில் வண்டி சறுக்கி அவன் இறந்துபோன நாள். காலையில் படத்துக்கு வீட்டுக் கார்னேஷன் கட்டிப் போட்டாள் வசுமதி. அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பொரியலும் தயிர்சாதமும் செய்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

கை கழுவிக்கொண்டே, "எனக்கு அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமா மறக்குது மாமா," என்றாள்.

எனக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். "வெயில் போறதுக்குள்ள உரக்குழியக் கிளறிடறேன்," என்று எழுந்து போனேன்.

உரக்குழி நன்றாக மக்கியிருக்கிறது. கீழ்த்தட்டில் சூடு இருக்கிறது, ஆவி வந்தது.

ஜனவரி 13

நாளை மறுநாள் பொங்கல். வசுமதி வீட்டையே கழுவிக் கவிழ்த்துவிட்டாள். திரைச்சீலை, கம்பளி, மெத்தை உறை, எல்லாம் கொடியில் தொங்குகிறது. ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டேன் என்கிறாள்.

மதியம் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு நின்றாள். வாளி நிரம்பி, தண்ணீர் வழிந்து, பேன்சிப் பாத்திக்குள் ஓடி, அவள் செருப்பு நனைந்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்வை மட்டும் அங்கே இல்லை. நான் போய்க் குழாயை மூடினேன்.

"சாரி மாமா."

"செடிக்கு ஒண்ணும் ஆகல."

அவள் முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். ரொம்ப இளைத்திருக்கிறாள். நான் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

ஜனவரி 18

சாம்பல் தீரவில்லை. இருந்தாலும் பேக்கரிக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். இந்த முறை பரபரப்பு இல்லை. டீ வந்தது. கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க," என்றேன்.

ரொம்ப நேரம் மாவுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் நடக்கல சார். நான் கேட்டேன். அவங்க யோசிச்சாங்க. உங்ககிட்டப் பேசிட்டுச் சொல்றேன்னாங்க. ரெண்டு தடவ பேசப் பாத்தாங்களாம். அப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

"ஏன்னு சொன்னாளா?"

"அவரால காதுகுடுத்துக் கேக்கவே முடியல, நான் எப்படிச் சொல்வேன்னாங்க. அவ்வளவுதான் சார். உங்கமேல அவங்களுக்குக் கோவமெல்லாம் இல்ல. எனக்கும் இல்ல." துணியை மடித்து வைத்தார். "சாம்பல் எடுத்து வச்சிருக்கேன். கொண்டுபோங்க."

வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். வேட்டியெல்லாம் சாம்பல்.

ஜனவரி 20

தீர்மானம் செய்துவிட்டு, காலையிலேயே பேசினேன். கொட்டகையில் டேலியாக் கிழங்கு பார்த்துக்கொண்டிருந்தோம். அழுகினதைத் தனியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

"வசு, அந்த சிவநேசன நான் பாத்தேன். நல்ல மனுஷனாத் தெரியறாரு. தை முடியறதுக்குள்ள நல்ல நாள் பாத்துடலாம். நீ என்னைப் பத்தி யோசிக்காத. கலைவாணி கூப்பிட்டுட்டே இருக்கா. நான் திருப்பூர் போயிடறேன். நீ நிம்மதியாக் கிளம்பு."

பேசி ஒத்திகை பார்த்திருந்தேன். நன்றாகவே சொன்னதாக நினைத்தேன்.

அவள் கையில் இருந்த கிழங்கைக் கூடையில் போட்டாள்.

"என்னை அனுப்பறீங்களா மாமா?"

"அனுப்பறதா? இல்லம்மா..."

"பேச வந்தப்பல்லாம் பட்டாணி, முள்ளு, உரக்குழி. இப்ப ஒரே மூச்சுல நல்ல நாளு, திருப்பூரு, கிளம்பு. நான் எங்கயும் போறேன்னு சொன்னேனா? கல்யாணம் பண்ணிக்கலாமான்னுதானே கேக்க வந்தேன். போறது, கிளம்பறது எல்லாம் நீங்களாத்தான் பேசறீங்க."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. டியூட்டிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

ஜனவரி 21

பேசவில்லை. தோசை மட்டும் வந்தது.

ஜனவரி 23

சாயங்காலம் அவளே வந்து தோட்டத்துக் கல்லில் உட்கார்ந்தாள். நான் சாக்கு மூடிக்கொண்டிருந்தேன். ஓரத்துக்குக் கல் எடுத்துக் கொடுத்தாள்.

"அவருக்கு யாரும் இல்ல மாமா. கடைக்கு மேல ஒத்தை ரூம். நான் என்ன நெனச்சேன்னா, அவர் இங்க வந்துட்டா... மூணு பேரும் இங்கயே இருந்துக்கலாமேன்னு. அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

கல்லை வாங்கி ஓரத்தில் வைத்தேன். அவளை அனுப்புவதற்கு நான் தயார் ஆகிவிட்டேன். எத்தனையோ நாள் எடுத்து, எப்படியோ தயார் ஆகிவிட்டேன். ஆனால் பிரேமின் அறைக் கதவை இன்னொருவர் திறந்துகொண்டு வெளியே வருவதை மட்டும் என்னால் தாங்க முடியாது. அந்த மனிதர்மேல் ஒரு குறையும் இல்லை.

இதில் ஒரு வார்த்தையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி மாமா. அது வேண்டாம். நாங்க கடை மாடியிலயே இருந்துக்கறோம். பத்து நிமிஷ பஸ்ஸு. நீங்க மட்டும் திருப்பூருக்குப் போகாதீங்க."

"போகல," என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

கடைசிச் சாக்கை இருவருமாக இழுத்து மூடினோம்.

ஜனவரி 25

கலைவாணிக்கு நானே போன் செய்து சொன்னேன். அழுதாள். தம்பியை நினைத்து அழுதாள் என்று தெரியும். அப்புறம் கோபம் வந்தது.

"உங்களை இப்படித் தனியா விட்டுட்டுப் போக அவளுக்கு எப்படிப்பா மனசு வருது?"

"எனக்குத் துணை இருக்கணும்னு யாரும் அவளப் பெத்துப்போடல கலை. மூணு வருஷம் இருந்தா. நீ இருந்திருப்பியா?"

கடைசியில், "புடவை நான் எடுத்துட்டு வர்றேன்," என்றாள். "என்ன கலர் பிடிக்கும்னு அவகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். அரக்கு.

ஜனவரி 28

சிவநேசன் வந்தார். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, பழம் வெற்றிலையோடு. வாசல் கேட்டைத் தாண்டித் தோட்டம்வரை வந்தார். வீட்டுப் படிக்குக் கிட்டே வந்ததும் தானாகவே நின்றுவிட்டார். வசுமதி சொல்லியிருப்பாள். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, வார்த்தை வரவில்லை. தோட்டத்தில் நாற்காலி போட்டேன்.

மாவு பிசைகிறவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல மண்ணு சார். புட்டு மாதிரி இருக்கு. இது என்ன நாத்து?"

"ஸ்நாப்டிராகன். பூவைப் பிடிச்சு அமுக்கினா வாய் திறக்கும். பூ வந்ததும் காட்டறேன்."

தேதி பேசினோம். பிப்ரவரி ஒன்பது.

பிப்ரவரி 9

முருகன் கோயிலில் கல்யாணம். பத்துப் பதினைந்து பேர். கலைவாணி அரக்குப் புடவை எடுத்து வந்திருந்தாள்; அவளே வசுமதிக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். மாலைக்கு ரோஜா கடையில் வாங்கினது. நம் வீட்டுச் செடிகள் வெட்டுப்பட்டு நிற்கின்றன.

சிவநேசன் தாலி கட்டினார். நான் அட்சதை போட்டேன். தூரத்தில் நின்றவர் மேலேதான் விழுந்தது என்று கலைவாணி சிரித்தாள்.

கடை மாடிவரை போய்விட்டு வந்தேன். ஜன்னலில் காற்று வரும். நல்ல அறைதான். நான் கொண்டுபோன ஜெரேனியம் தொட்டியை ஜன்னலில் வைத்தார்கள்.

பிப்ரவரி 11

கலைவாணி கிளம்பினாள். வீடு அமைதியாக இருக்கிறது. நல்லதுதான். காபி டம்ளர் ஒன்று, தட்டு ஒன்று. கழுவுகிற வேலை குறைவு.

பிளம் மரத்தில் மொட்டு.

பிப்ரவரி 14

வசுமதி டியூட்டி முடிந்து தினமும் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறாள். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கிறாள். குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள். வர வேண்டாம் என்று சொன்னேன். நாலரை மணியிலிருந்து வாசல் கேட் பக்கமே எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டாள். வேலி ஓரம் களை இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 16

முழங்கால் வீக்கம். குனிய முடியவில்லை. சாக்குகளை மடித்துக் கொட்டகையில் வைத்துவிட்டேன். வெயில் நன்றாக ஏறிவிட்டது, இனிப் பனி இருக்காது. முட்டைக்கோஸ் உருண்டு வருகிறது. கேரட் களைந்துவிட வேண்டும், நெருக்கமாக முளைத்திருக்கிறது. முழங்கால் சரியானதும் பார்க்கலாம்.

வசுமதிக்கு முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை. நான் ஒரே நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததை அவள் கவனித்திருப்பாள்.

பிப்ரவரி 19

என் கணிப்பு தப்பு. பின்பனி இறங்கிவிட்டது.

விடியுமுன் விழிப்பு வந்தபோதே மூக்கு நுனி மரத்திருந்தது. எழுந்து ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன். தரையெல்லாம் வெள்ளை. நாற்று முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் துண்டைச் சுற்றி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கதவு வரை வந்தேன். வெளியே தண்ணீர் விழுகிற சத்தம்.

இரண்டு பேரும் தோட்டத்தில் இருந்தார்கள். வசுமதி பூவாளியோடு முட்டைக்கோஸ் வரிசையில் நின்றாள். சிவநேசன் நாற்றுப் பாத்தி ஓரம் முட்டி போட்டு உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் எடுத்து, விரல் விட்டுச் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு நாற்றின் மேலும் தெளித்துக்கொண்டிருந்தார். ராத்திரி அடுப்பு வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறார். முழங்கை வரை மாவு. குனிந்து குனிந்து சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. பல் கிடுகிடுக்கிற சத்தம் இங்கே கேட்டது.

"ஊத்திடாதீங்க, வேர் கிளம்பிடும்," என்று வசுமதி சொன்னாள்.

"ஊத்தல. தொட்டுத்தான் விடறேன்," என்றார் அவர்.

நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே வெளுத்து, வெயில் பக்கத்து வீட்டுக் கூரையில் பட்டு, வேலியில் பட்டு, பாத்திக்கு வருமுன் கடைசி வரிசையும் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, சொம்பைக் குழாயடியில் வைத்து, செருப்பைத் தேடினார்.

"நாங்க கிளம்பறோம் சார். ரேடியோல பனின்னு சொன்னான், அதான். கடை திறக்கணும்."

உதடு நீலம் பாரித்திருந்தது.

"உள்ள வாங்க," என்றேன்.

அவர் வசுமதியைப் பார்த்தார். வசுமதி பூவாளியைப் பார்த்தாள்.

"ஈரத்தோட பஸ்ல போனா காய்ச்சல் வந்துடும். உள்ள வாங்க மாப்பிள்ளை."

வந்தார். கதவுக்குப் பக்கத்திலேயே, மிதியடியில் நின்றார். தண்ணீர் சொட்டியது. வசுமதி அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். நான் பிரேமின் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் அவனுடைய கம்பளிக் கோட்டு இருந்தது. சேரிங்கிராஸ் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்தது. பூச்சி உருண்டை வாசனை அடித்தது. ஒருமுறை உதறினேன்.

கொண்டுவந்து நீட்டினேன். யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாங்க மாட்டேன் என்பது போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானே அந்த ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, துண்டு கொடுத்துத் துடைக்கச் சொல்லி, கோட்டை முதுகில் போட்டுக் கையை நுழைத்துவிட்டேன்.

கை நீளம் சரியாக இருந்தது. தோள்தான் இறுக்கம். ராத்திரி ராத்திரியாக மாவு பிசைகிற தோள். பொத்தான் போட்டால் முதுகுத் தையல் விண்ணென்று நின்றது.

வசுமதி டீயோடு வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு, அவர் பின்னால் போய், இரண்டு விரலால் தையலைப் பிடித்துப் பார்த்தாள்.

"உள்ள துணி மடிச்சு விட்டிருக்கு மாமா. பிரிச்சுத் தைச்சா அவருக்குச் சரியா இருக்கும்." தையலை விடாமல் என்னைப் பார்த்தாள். "பிரிக்கட்டுமா?"

"பிரி," என்றேன்.